அவள் பார்க்காத மூன்று வருஷ வேலை

என் தங்கை மகள் பட்டப்படிப்பு முடித்த கையோடு எம்.பி.ஏ. சேர்ந்தாள். அதுவரை ஒரு நாள்கூட எங்கும் வேலை பார்த்ததில்லை. "ஒரு வருஷம் எங்கேயாவது வேலைக்குப் போ, அப்புறம் படி" என்று ஒரு தரம் சொன்னேன். "நடுவுல நின்னா அவ்வளவுதான், திரும்பப் புஸ்தகத்தைத் தொட மாட்டா" என்றாள் தங்கை. அதுவும் நடக்கிறதுதான். பேச்சை விட்டுவிட்டேன்.

வகுப்பில் முப்பத்திரண்டு பேர். மற்றவர்கள் எல்லாரும் நாலைந்து வருஷம் எங்காவது உழைத்துவிட்டு வந்தவர்கள். இவளுக்கு 'பாப்பா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "நீங்க வேலை பார்த்த இடத்துல இதை எப்படிச் சமாளிச்சீங்க?" என்று ஆசிரியர் வரிசையாகக் கேட்பாராம். இவள் முறை வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன், "பாப்பா பால்புட்டியை எப்படிக் கழுவுச்சுன்னு கேளுங்க சார்" என்பான். வகுப்பே சிரிக்கும்.

ஒரு மத்தியானம் எனக்குப் போன் செய்தாள். நான் அப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பெண்களுக்குத் தலைமையாக இருந்தேன்.

"பெரியம்மா, உங்க வேலையில பெரிய சிக்கல் ஏதாவது வந்திருக்கா? சீக்கிரம் சொல்லுங்க, மூணு மணிக்கு வகுப்பு."

ஒரே மாதத்தில் மூன்று பெண்கள் நின்றுவிட்டதையும், மிச்சமிருந்த ஆறு பேரை இருபத்தாறு கட்டில்களுக்கு எப்படிப் பிரித்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவள் அதைத் தன் கதையாக வகுப்பில் சொல்லியிருக்கிறாள். கல்லூரி நாட்களில் மூன்று வருஷம் அங்கே பகுதிநேரமாகப் பார்த்தேன் என்று ஒரு முன்கதை வேறு. பின்வரிசை வாயை மூடிக்கொண்டது. அன்று மாலை சிரித்துக்கொண்டே என்னிடம் ஒப்புக்கொண்டாள். நான் அதட்டவில்லை. பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அதற்குப் பிறகு வாரம் ஒரு கதை கேட்டாள், நானும் கொடுத்தேன்.

அந்த மூன்று வருஷம் வேலை விண்ணப்பத்திலும் ஏறியது. வீடுகளுக்குப் பராமரிப்பாளர்களை அனுப்பும் ஒரு நிறுவனம் அவளைப் பகுதி மேலாளராக எடுத்துக்கொண்டது. யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் என்னிடம்தான் வந்திருப்பார்கள். என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது.

அவளுக்குக் கீழே பதினெட்டுப் பெண்கள். பாதிப் பேருக்கு நாளில் இரண்டு மணி நேரம் பஸ்ஸிலேயே போனது. அவள் புது அட்டவணை போட்டாள்: எந்த வீட்டுக்கு அன்று யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் போக வேண்டியது. மேலிடம் பாராட்டியது. ஒரே ஒருத்திதான் முரண்டு பிடித்தாள். சளசளவென்று பேசுகிறவள் என்பதால் அவளை எல்லாரும் 'ரேடியோ அக்கா' என்றார்கள். பக்கவாதம் வந்த ஒரு தட்டச்சு ஆசிரியரை ஒன்றரை வருஷமாகப் பார்த்துவந்தவள்.

"மேடம், எல்லாரையும் மாத்துங்க, வாத்தியாரை மட்டும் விட்டுடுங்க. அவருக்கு ஊட்டுறது லேசு இல்ல."

"எல்லாம் குறிப்பேட்டுல எழுதியிருக்குல்ல அக்கா? யார் போனாலும் படிச்சுட்டுச் செய்யப்போறாங்க."

"எழுதினா அவருக்கு இறங்கிடுமா?"

"உங்களுக்கு மட்டும் தனிச் சட்டம் போட முடியாது" என்று முடித்துவிட்டாள்.

குறிப்பேட்டில் 'கூழாக, மெதுவாக' என்று இருந்தது. அவ்வளவுதான். நிமிர்த்தி உட்காரவைத்து, தாடையைத் தாழ்த்தி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் அரைக் கரண்டி வைத்து, தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். புது அட்டவணை வந்த நாலாம் நாள் போன பெண் சாய்த்துப் படுக்கவைத்தபடியே ஊட்டினாள். சோறு மூச்சுக்குழாயில் போய், நுரையீரலில் சளி கட்டி, வாத்தியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆள் பிழைத்தார். ஆனால் வாய்வழிச் சாப்பாடு அன்றோடு நின்றது. மூக்கில் குழாய்.

என் தங்கை மகள் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனாள். வாத்தியார் மனைவி நாற்காலியைக்கூட நகர்த்திப் போடவில்லை.

"முதல்ல வீட்டுக்கு வந்தப்போ, மூணு வருஷம் இந்த வேலை பார்த்தேன்னு சொன்னியேம்மா. ஒருத்தருக்காவது ஊட்டியிருக்கியா?"

"இல்லம்மா."

அந்த மூன்று வருஷத்தைப் பற்றி அவள் வெளியாளிடம் சொன்ன முதல் உண்மை அதுதான். மறுநாள் வேலையை விட்டாள்.

நேரே என் வீட்டுக்கு வந்தாள். "அந்த ஆறு பேரைப் பிரிச்சுப் போட்டீங்களே, ஊட்ட வேண்டியவங்களுக்கு ஆளை மாத்தினீங்களா?"

"இல்ல. அவங்களை எப்படி மாத்துறது?"

"அதை ஏன் எங்கிட்ட சொல்லல?"

சொல்லவேண்டிய விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை. மூச்சு விட்டேன் என்று யாராவது சொல்வார்களா? செய்தவளுக்குக் கையில் இருந்தது. கேட்டவளுக்குக் காதில் விழுந்தது மட்டும்தான் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே ஒரு அதட்டுப் போட்டிருக்க வேண்டும், கதை கொடுத்திருக்கவே கூடாது.

"எப்படி ஊட்டணும்னு காட்டுங்க" என்றாள். சமையலறை நாற்காலியில் நான் நோயாளியாக உட்கார்ந்தேன். குழைந்த சோற்றை எடுத்தாள். ஒரு தரம் சொன்னதுதான். தாடையைத் தாழ்த்திப் பிடித்தாள், என் தொண்டையையே பார்த்துக் காத்திருந்தாள், அவசரப்படவில்லை. கண்தான் நிற்காமல் வழிந்தது.

நன்றாகத்தான் ஊட்டினாள். ஒரு கிண்ணம் காலியாகப் பத்து நிமிஷம் ஆனது.