நஞ்சப்பன் காய்ச்சிய சீனத்துப் பாயசம்

பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாளுக்கு நஞ்சப்பன் நூறு டாலர் கடன்பட்டிருந்தார்.

அறுபத்து நாலு வயதுவரை அவர் கடன் கொடுத்துப் பழகியவர், வாங்கிப் பழகாதவர். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் துணி மடிக்கச் சேர்ந்தார். அதே தெருவில் முப்பது தையல் மிஷின் போட்டு, எண்பது பேருக்குச் சனிக்கிழமை தவறாமல், ஒன்று என்பதற்குப் பதில் லாபம் என்று தொடங்கி எண்ணிக் கூலி கொடுக்கும் முதலாளியாக ஆனார். ஒரு ஆளுக்கு ஒரு நாள் கூலி பாக்கி நின்றாலும் அன்றைக்குச் சோறு இறங்காது அவருக்கு. பேங்க் மேனேஜரே எழுந்து நின்று நாற்காலி காட்டுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன், 1999ஆம் வருஷம் அமெரிக்காவில், சான் ரமோனில் மகன் இளமாறன் வீட்டுக்கு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்த இடத்தில் கடன்காரராகிவிட்டார்.

எல்லாம் ஒரு கடைவாய்ப்பல்லால் வந்தது. புறப்படும் முன்பே இளமாறன் போனில் தலைபாடாக அடித்துக்கொண்டான். "அப்பா, இங்க டாக்டர் செலவு தாங்காது. ஒரு இன்சூரன்ஸ் எடுத்துக்கிட்டு வாங்க."

"முழுக் கரும்பைக் கடிச்சு உரிக்கிற பல்லுடா இது. எனக்கெதுக்கு இன்சூரன்ஸு? நீ எடுத்துக்க."

வந்து இரண்டு மாதம் முடிவதற்குள் அந்தக் கரும்புப் பல் வீங்கிக் கன்னம் பூசணிக்காயானது. இளமாறன் ப்ராஜெக்ட் என்று டல்லாஸுக்குப் போயிருந்தான். மருமகள் கயல் ஆபீஸில் இருந்தாள். வாசல் படியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மிஸஸ் லாம் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நஞ்சப்பனுக்குச் சீனம் தெரியாது. இங்கிலீஷ் இருவருக்கும் அரைகுறை. அம்மாள் பேச்சே வைத்துக்கொள்ளவில்லை. மணிக்கட்டைப் பிடித்து எழுப்பிக் காரில் ஏற்றி, ஓக்லண்ட் சைனாடவுனில் தனக்குத் தெரிந்த ஒரு பல் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பல் கழன்று வந்துவிட்டது. கூலி நூறு டாலர். நஞ்சப்பன் சட்டைப் பையில் வீட்டுச் சாவிதான் இருந்தது. அம்மாள் தன் கைப்பையைத் திறந்து ஐந்து இருபதுகளை எண்ணிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் மூடி போட்ட கிண்ணத்தோடு வந்து நின்றார். வாயைத் தொட்டுக் காட்டி, "சாஃப்ட், சாஃப்ட்" என்றார். திறந்து பார்த்தால் இளஞ்சூடான தண்ணீரில் வெள்ளையாய், கண்ணாடி மாதிரி, சுருள் சுருளாய் என்னவோ மிதந்தது. ஆட்டுக் குடலோ என்று நஞ்சப்பன் கிண்ணத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார். மோந்து பார்த்தார், இனிப்பு வாசம். பாயசமென்றால் பாலில்லை, நெய்யில்லை, ஏலக்காயில்லை. கஷாயமென்றால் கசப்பில்லை. என்ன சாப்பிடுகிறோம் என்று கடைசிவரை புரியாமலே முழுவதையும் சாப்பிட்டார். ஈறு வலி அடங்கியது.

கயலிடம் அவர் மூச்சு விடவில்லை. இன்சூரன்ஸ் வேண்டாமென்று பேசிய பேச்சு அப்படி. ஊரிலிருந்து கொண்டுவந்த டாலர் பெட்டியில் இருக்கிறது. கொடுத்து முடித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தார். ஆனால் இரண்டு தடவை கொண்டுபோய் நீட்டியும் அம்மாள் வாங்கவில்லை. முதல் தடவை அவர் கையைத் தள்ளினார். இரண்டாம் தடவை தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அதற்குள் மிஸ்டர் லாமுக்கு நெஞ்சுவலி வந்து ஆம்புலன்ஸ் வந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். வெறும் கையில் காசை நீட்டியதுதான் மரியாதைக் குறைவோ என்று நஞ்சப்பன் யோசித்தார். நம் பக்கத்து முறைப்படியே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தார். கயல் மேஜையிலிருந்து நல்ல வெள்ளைக் கவர் ஒன்றை எடுத்து நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். ஐந்து இருபதுகளை வைத்தார். வெறும் சைபரில் முடிகிற பணத்தை அவர் கை எந்த விசேஷத்துக்கும் கொடுத்ததில்லை. நோயாளி உள்ள வீடு வேறு. மேலே ஒரு ஒற்றை டாலர் வைத்து நூற்றியொன்றாக்கினார்.

அம்மாள் கதவைத் திறந்தார். கவரைப் பார்த்ததுமே கண் சுருங்கியது. பிரித்து எண்ணினார். கடைசியில் அந்த ஒற்றை டாலர் வந்ததும் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. தன் பாஷையில் படபடவென்று என்னவோ சொன்னார். கதவு சாத்திய வேகத்தில் நஞ்சப்பனின் வேட்டி பறந்தது.

மறுநாள் காலை வாசல் கதவுக் குமிழில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. உள்ளே நூற்றியொரு டாலர். கவரைக் காணோம்.

நஞ்சப்பனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மஞ்சளை அழுக்கென்று நினைத்துவிட்டாரோ? வட்டி எதிர்பார்த்தாரோ? நூற்றுக்கு இரண்டு வட்டி போட்டால்கூட இருபது நாளைக்கு ஒன்றரை டாலர் தாண்டாதே! வேலியோரம் நின்று "குட்மார்னிங்" என்றார். அம்மாள் குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனார். ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு இன்னும் பதினொரு நாள்தான். கடனைத் தலையில் சுமந்துகொண்டா விமானம் ஏறுவது? கடனாவது பரவாயில்லை. உபகாரம் செய்த கை ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று தெரியாமல் எப்படிப் போவது?

வேறு வழியில்லாமல் கயலிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"பல்லைப் புடுங்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே மாமா! அன்னைக்கு ரெண்டு நாள் நீங்க ரசஞ்சோறு கேட்டது இதுக்குத்தானா?"

"அதை விடு அம்மிணி. நான் என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்? அதைச் சொல்லு."

"எனக்கும் தெரியலீங்களே மாமா. பொம்பளைக்குக் கவர் குடுத்ததைத் தப்பா எடுத்துக்கிட்டாங்களோ என்னமோ."

"அட, எம் வயசென்ன, அவங்க வயசென்ன!"

காசு வாசலைத் தாண்டவில்லை, சாப்பாடு தாண்டுமா பார்ப்போம் என்று நஞ்சப்பனுக்குத் தோன்றியது. எனக்கு நோவு வந்தபோது எதைக் கொண்டுவந்தாரோ, அதையே அவர் வீட்டு நோயாளிக்கு என் கையால் காய்ச்சிக் கொண்டுபோகிறேன் என்றார். கயல் சிரிக்கவில்லை. சனிக்கிழமை ஃப்ரீவே பிடித்துச் சைனாடவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கடையில், மாமா சொன்ன அடையாளங்களைக் கடைக்காரரிடம் சொல்லிக் கேட்டுக் கேட்டுக் கயல் எடுத்தாள். முதலில், காய்ந்த கடற்பஞ்சு மாதிரி மஞ்சள் வெள்ளையில் ஒரு பூ. அது பூவும் இல்லை, மரத்தில் முளைக்கும் ஒருவகைக் காளான் என்றார் கடைக்காரர். அப்புறம் தோல் சுருங்கிய சிவப்புப் பழம். நம் இலந்தைக்கு அண்ணன் மாதிரி இருந்தது. தாமரை விதை. கடைசியில் ஒரு பொட்டலத்தைப் பார்த்ததும் நஞ்சப்பனுக்கு உயிர் வந்தது. "இது நம்ம கற்கண்டு அம்மிணி!" அந்தக் கடையில் அவருக்கு விளங்கிய சாமான் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலத்தில் இருந்த ஏழு பூவையும் தண்ணீரில் போட்டார். கயல் துணி மடித்துவிட்டு வருவதற்குள் பாத்திரம் நிரம்பி, அடுப்புத் திட்டில் வழிந்து, வெள்ளை வெள்ளையாய்த் தரைவரை தொங்கியது.

"ஐயோ மாமா! எத்தனை போட்டீங்க?"

"எல்லாம்தான். எண்பது பேருக்குப் பொங்கலுக்குப் பொங்கி வடிச்ச கை அம்மிணி இது. கணக்குத் தப்பாது."

"ஒரு கிண்ணத்துக்கு ஒண்ணே எச்சுங்க மாமா!"

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வாளிக்கு மாற்றினார்கள். அடுத்து என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. கயல் தன் ஆபீஸ் தோழி விவியனுக்குப் போன் போட்டாள். ஹாங்காங்கில் பிறந்த பெண். அவள் சொல்லச் சொல்லக் கயல் தமிழில் சொன்னாள்: மஞ்சள் காம்பை வெட்டி எறியணும், பூவைப் பிய்த்துப் போடணும், ரெண்டு மணி நேரம் சின்னத் தீயில் வேகணும், கொழகொழவென்று வரும்போது பழமும் கற்கண்டும்.

"ஏலக்கா ரெண்டு தட்டிப் போடட்டுமான்னு கேளு."

"வேண்டவே வேண்டாங்கறாங்க மாமா."

அதே கையோடு கயல் கவர் விஷயத்தையும் விவியனிடம் கேட்டாள். கயல் மெதுவாகப் போனை வைத்தாள்.

"மாமா... அவங்க ஊர்ல வெள்ளைக் கவர்ல பணம் வெச்சுக் குடுத்தா, அது எழவு வீட்டுக்குக் குடுக்கறதாமா."

"சரி, கவரு தெரியாமப் பண்ணிட்டேன். பணம்?"

"அதுலயும் கடைசில ஒண்ணு வெச்சு ஒத்தைப்படையாக் குடுக்கறது செத்த வீட்டுக்குத்தானாமா. நூத்தியொண்ணுன்னா அச்சு அசல் அதே மொய்தானாமா. நல்ல காரியத்துக்கு ரெட்டைப்படைதான் குடுப்பாங்களாமா."

நஞ்சப்பன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து அன்றுதான் திரும்பிய புருஷன் உள்ளே படுத்திருக்கிறான். வாசலில் ஒருவன் சிரித்த முகத்தோடு வந்து கருமாதிப் பணத்தை நீட்டுகிறான். அவர் வைத்த ஒன்று வளரட்டும் என்று வைத்தது. அந்த அம்மாள் கையில் அதே ஒன்று இத்தோடு முடிந்தது என்று ஆகிவிட்டது. ஒரே டாலர் நோட்டு, இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். எப்படி அர்த்தம் இப்படித் தலைகீழாகும் என்று எத்தனை யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

"போலாமா வேண்டாமா அம்மிணி? இந்தக் கிண்ணத்துலயும் ஏதாச்சும் வில்லங்கம் இருக்குமா?"

"இல்லீங்க மாமா, அதையும் கேட்டேன். உடம்பு தேறறவங்களுக்கு நல்லதாமா."

இரண்டு மணி நேரம் அடுப்பை விட்டு அவர் நகரவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை கரண்டியில் எடுத்துப் பார்த்தார். தண்ணீராகவே இருந்தது, கெட்டுப்போனதோ என்று சந்தேகப்பட்டார். பிறகு திடீரென்று கஞ்சிபோல வழவழத்தது. இப்போது நிஜமாகவே கெட்டுப்போனதோ என்று பயந்தார். கற்கண்டை இரண்டு பிடி போட்டுவிட்டு, மனசு கேட்காமல் மூன்றாம் பிடியும் போட்டார். அம்மாளின் கிண்ணத்திலேயே ஊற்றி மூடினார்.

மிஸஸ் லாம் கதவைப் பாதிதான் திறந்தார். முதலில் நஞ்சப்பனின் கையைத்தான் பார்த்தார். கவர் இல்லை, தன் கிண்ணம். கயல் இங்கிலீஷில் வேகமாக விஷயத்தைச் சொன்னாள்: எங்கள் ஊரில் அந்த ஒன்று வைப்பது ஆயுசு பெருகட்டும் என்று, வெள்ளைக் கவர் கல்யாணத்துக்கே கொடுப்பது, மாமாவுக்குத் தெரியாது. நஞ்சப்பன் கிண்ணத்தை நீட்டியபடி, "மை மிஸ்டேக்" என்றார். அறுபத்து நாலு வருஷத்தில் எந்த பாஷையிலும் அவர் சொல்லியிராத வார்த்தை அது.

உள்ளே சோபாவில் போர்வையோடு சாய்ந்திருந்த மிஸ்டர் லாம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கொண்டு வரச் சொன்னார். ஒரு கரண்டி வாயில் வைத்ததும் கண்ணை மூடி, "டூ ஸ்வீட்!" என்றார். இரண்டாம் கரண்டி எடுத்தார். மூன்றாவதும் எடுத்தார். அம்மாள் முகம் இளகத் தொடங்கியது.

நஞ்சப்பன் சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். அந்த ஒற்றை டாலரைப் பிரித்து வேறு பைக்குள் போட்டார். வெறும் சைபரில் முடிகிற பணத்தை நீட்ட விரல் கூசியது. அம்மாள் வழக்கம்போல இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனார்.

மிஸ்டர் லாம் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபின் கயலிடம் என்னவோ சொன்னார்.

"என்னங்கறார்?"

"நான் இன்னும் சாகலை. அதனால பணத்தை எங்கிட்டயே நேரா எண்ணிக் குடுக்கச் சொல்லுங்கறார் மாமா."

போர்வைக்குள்ளிருந்து ஒரு மெலிந்த கை வெளியே வந்து உள்ளங்கை மேலாக விரிந்தது. மணிக்கட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டிய பட்டை இன்னும் கழற்றாமல் இருந்தது. நஞ்சப்பன் திருப்பூரில் கூலி எண்ணுகிற குரலிலேயே, ஒவ்வொரு இருபதாக அதன் மேல் வைத்தார்.

"லாபம்... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு."