மெஷினுக்குப் பின்னால் நடந்த மல்லி

ஜன்னத்துல் ஃபிர்தௌஸுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் பூனை என்றாலே ஆகாது. அதிராம்பட்டினத்தில் அவள் பிறந்த வீட்டில் மீன்சட்டியை உருட்டிய ஒரு கடுவன் பூனையை, விளக்குமாறும் கையுமாகத் தெருமுனை வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடியவள் என்று தங்கைமார் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவளை அஜ்மானில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டில் பூனைக் கூட்டத்துக்கு நடுவே உட்கார வைத்தது தனிமைதான்.

கணவர் முகம்மது ரிபாய்க்கு பர் துபாயில், மீனா பஜாரில் துணிக்கடை. காலையில் டிராஃபிக்குக்கு முன்னால் கிளம்பினால், கடையைச் சாத்திவிட்டு வந்து சேரும்போது அவருக்குப் பேசக்கூடத் தெம்பு இருக்காது. புதுப்பெண்ணாக வந்த ஃபிர்தௌஸ் நாள் முழுக்க நான்கு சுவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் குப்பை போடக் கீழே இறங்கியவளின் பின்னாலேயே ஒரு குட்டி லிஃப்டுக்குள் ஏறிவிட்டது. விரட்டிப் பார்த்தாள். அது அவள் செருப்பின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது. “அன்னைக்குப் படுத்தது, இன்னும் எந்திரிக்கல” என்று ரிபாய் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அதன்பிறகு வந்த பூனைகளெல்லாம் ஊருக்குத் திரும்புகிறவர்கள் விட்டுப் போனவை. வேலை போய்விடும், விசா முடியும், பெட்டி கட்டுவார்கள். பூனையை என்ன செய்வதென்று கட்டடத்து வாட்ச்மேனிடம் கேட்டால் அவர் யோசிக்காமல் மேலே கை காட்டுவார். இப்படித்தான் சுல்தான் என்ற செம்பட்டைப் பூனை வந்தது. லட்டு என்ற குட்டி வந்தது. வேண்டாம் என்று சொல்ல ஃபிர்தௌஸுக்கு வாய் வராது.

ஐம்பதைத் தாண்டியதும் முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்தது. குனியக்கூடாது, தரையில் உட்காரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகை. ஆனால் ஜன்னல் எல்லாவற்றையும் இறுக்கிச் சாத்தினாலும் பாலைவனத்து மணல் எப்படியோ உள்ளே வந்துவிடுகிறது. அதோடு பூனை முடி. காலையில் பெருக்கினால் மத்தியானம் சோபாவுக்கு அடியில் பஞ்சு உருண்டை போல உருண்டுகொண்டிருக்கும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு பெருக்குவதை, அபுதாபியில் வேலை பார்க்கும் மகள் மின்ஹா ஒரு வார லீவில் வந்தபோது பார்த்துவிட்டாள். அடுத்த லீவுக்கு ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“இது என்னடி, எடை பாக்குற மெஷினா?”

“உம்மா, இது ரோபோ வேக்யூம். அதுவே பெருக்கும், அதுவே மாப்பும் போடும். நீங்க ஜஸ்ட் பட்டனை அமுக்குனா போதும்.”

“கையும் இல்ல, காலும் இல்ல. இது எங்கேயிருந்து தொடைக்கும்?”

அது பேசவும் செய்யும் என்றாள் மின்ஹா. தமிழ் இல்லை; இங்கிலீஷா அரபியா என்று கேட்டாள். “அரபியே இருக்கட்டும், மரியாதையா இருக்கும்” என்றாள் ஃபிர்தௌஸ். பட்டனை அமுக்கியதும் ஒரு பெண் குரல் கணீரென்று அரபியில் ஏதோ அறிவித்தது. ஃபிர்தௌஸ் தன்னை அறியாமல் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பூனைகள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சுல்தான் ஒரே தாவில் ஃபிரிட்ஜ் மேல். மற்ற மூன்றும் வாலைப் புட்டி கழுவும் பிரஷ் மாதிரி உப்ப வைத்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால். லட்டு மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, மெஷின் மேலேயே ஏறி உட்கார்ந்து ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மின்ஹா சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் சுற்று முடிந்ததும் அவள் உம்மாவின் செல்போனையே மெஷினோடு இணைத்துவிட்டு, அவளிடம் நீட்டினாள். திரையில் வீடு இருந்தது. ஹால், நடைபாதை, படுக்கையறை, அடுப்பங்கரை எல்லாம் கோடு போட்டு, சாப்பாட்டு மேசையின் கால்கள் கூடப் புள்ளி புள்ளியாக. ஃபிர்தௌஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருஷமாக நடந்து தேய்ந்த வீடு. யாரும் சொல்லிக் கொடுக்காமல் ஒரே நடையில் இது எப்படித் தெரிந்துகொண்டது? “சுபஹானல்லாஹ்” என்றாள் மெதுவாக. தொழுகைப் பாய் விரித்திருந்த மூலையை மின்ஹா திரையில் சிவப்புக் கட்டத்தால் அடைத்துக் காட்டினாள். “இங்க வராது உம்மா.” வரவும் இல்லை. ஓரத்தோடு நின்று திரும்பிப் போனது.

அந்த மரியாதை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. லட்டுவுக்கு வயிறு சரியில்லாமல் போய் ஹால் நடுவிலேயே போய்விட்டது. ஃபிர்தௌஸ் அதைப் பார்க்காமல் பட்டனை அமுக்கிவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டாள். மெஷின் தன் கடமையில் குறை வைக்காமல், அதை ஹாலிலிருந்து படுக்கையறை வரைக்கும் ஈரத்துணியால் அழகாக இழுத்துத் தேய்த்துவிட்டது. வாடை அடுப்பங்கரைக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வீடு முழுக்க நஜீஸ், தொழ முடியாத அசுத்தம். வலிக்கிற காலோடு அவள் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவினாள். ரிபாய் வந்து பால்கனியில் உட்கார்ந்து, பழைய பல் பிரஷ்ஷால் அதன் சக்கரங்களைச் சுரண்டினார்.

“கலாஸ், போதும்! இதைப் பெட்டில போட்டுக் கட்டுங்க. எனக்கு என் வெளக்குமாறே போதும்” என்றாள் ஃபிர்தௌஸ்.

பெட்டி அலமாரி மேல் ஏறியது. ஆனால் அந்த மாதமே ஒரு தூசிக்காற்று வந்து ஊரை மஞ்சளாக்கிவிட்டுப் போனது. தரையில் கால் வைத்தால் நறநற. முழங்காலோ மடங்க மறுத்தது. வேறு வழியில்லாமல் பெட்டி மறுபடி இறங்கியது. அன்றிலிருந்து, முதலில் தானே ஒருமுறை வீட்டைச் சுற்றி வந்து, கயிறு, பந்து, தண்ணீர்க் கிண்ணம், மற்ற விஷயம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, மத்தியான லுஹர் தொழுத கையோடு பட்டனை அமுக்குவது அவளுக்கு வழக்கமாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் மல்லி வந்தது.

கீழ்வீட்டில் விஜயபாஸ்கர், ராதிகா என்று கரூர்ப் பக்கத்துத் தம்பதி. அவர்களுடைய வெள்ளைப் பூனைதான் மல்லி. வயதாகி, இரத்த அழுத்தம் ஏறி, கொஞ்ச நாளைக்கு முன்னால் இரண்டு கண்ணும் போய்விட்டது. விஜயபாஸ்கரின் கம்பெனியை மூடியதில் அவர்கள் திடீரென்று ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. இந்த வயதில், இந்த உடம்போடு விமானத்தில் ஏற்ற வேண்டாம் என்று பூனை டாக்டர் சொல்லிவிட்டார்.

“அக்கா, எனக்குக் கேக்கவே வாய் வரல” என்று ராதிகா வாசலில் நின்று அழுதாள். “எங்க வீட்டுக்குள்ள அவளுக்கு எல்லாம் அத்துப்படி. புது இடத்துல என்ன பண்ணுவாளோ.”

“நீ அழாம போய்ட்டு வா. என் கண்ணு இருக்குல்ல, அதுல பாத்துக்குறேன்” என்றாள் ஃபிர்தௌஸ்.

சொல்லிவிட்டாளே தவிர, கூடையைத் திறந்ததும் மல்லி தரையோடு தரையாக ஊர்ந்து மின்ஹாவின் அறைக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. அதோடு சரி. சோற்றுத் தட்டையும் வெளிக்குப் போகிற மண்தட்டையும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். யாரும் இல்லாதபோது கொஞ்சம் தின்னும். கூப்பிட்டால் மூச்சுக்கூடக் கேட்காது. குனிந்து பார்க்க ஃபிர்தௌஸுக்கு முழங்கால் இடம் கொடுக்காது. ஒரு உயிர் தன் வீட்டுக்குள் இருட்டில் இருட்டாகக் கிடக்கிறது, அதன் முகத்தைப் பார்க்கக்கூட முடியவில்லையே என்று அவளுக்கு ஆறவே இல்லை.

மெஷின் அந்த அறைக்குள் போய்விடாதபடி அவள் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். ஒருநாள் மறந்துபோனாள். அரபிக் குரல் கேட்டு, சத்தம் நடைபாதையைத் தாண்டியபோதுதான் உறைத்தது. “யா அல்லாஹ்! கண்ணு தெரியாதது பயந்து செத்துரும்!” என்று காலை இழுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் மெஷின் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிட்டது.

சீறல் கேட்கும், அலறல் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. மெஷின் நின்றது. கொஞ்சம் பின்வாங்கியது. எதையோ சுற்றிக்கொண்டு போவது போல மெல்ல வளைந்து, மறுபக்கம் வெளியே வந்தது.

கையிலிருந்த செல்போன் டிங் என்றது. வீட்டுப் படத்தில், மின்ஹாவின் கட்டில் இருந்த இடத்தில், சின்னதாக ஒரு பூனைப் பாதம் முளைத்திருந்தது. அதைத் தொட்டாள். மெஷின் எடுத்த ஒரு போட்டோ விரிந்தது. மங்கலான வெளிச்சத்தில் வெள்ளை முகம், நீட்டிய மீசை, எதையும் பார்க்காத இரண்டு பெரிய கண்கள். அந்த மூக்கு பயந்து பின்னால் ஒதுங்கவில்லை. மெஷினை மோந்து பார்க்க முன்னால் நீண்டிருந்தது.

ஃபிர்தௌஸ் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கூப்பிட்டும் அசையாத ஒன்று, இந்தக் கறுப்பு வட்டுக்கு முகத்தைக் கொடுத்திருக்கிறது.

மறுநாள் கதவை வேண்டுமென்றே திறந்து வைத்தாள். அதற்கடுத்த நாளும். செல்போனில் அந்தப் பாதக் குறி எங்கே விழுகிறது என்று பார்ப்பதே அவளுக்கு வேலையாயிற்று. முதலில் கட்டிலின் மூலை. பிறகு கட்டிலுக்கு வெளியே. ஒருநாள் அறை வாசலில். ஆள் நடமாட்டம் கேட்டால் போய்விடுமோ என்று அவள் ஹாலில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு லீவு நாள். ரிபாயும் வீட்டில் இருந்தார். மெஷின் நடைபாதையில் சுவரோரமாக வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால், ஒரு முழம் இடைவெளி விட்டு, தலையைத் தாழ்த்தி, காதுகளை முன்னால் குவித்துக்கொண்டு மல்லி வந்தது. மெஷின் நின்றால் அதுவும் நின்றது. மெஷின் திரும்பினால் அதுவும் திரும்பியது. சாப்பாட்டு மேசையின் காலை மெஷின் சுற்றிய இடத்தில் மல்லி மீசையால் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தானும் சுற்றியது. ஃபிரிட்ஜ் மேலிருந்த சுல்தான்கூட வாலை ஆட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்னங்க, பாக்குறீங்களா?” என்று கிசுகிசுத்தாள் ஃபிர்தௌஸ்.

ரிபாய் கையில் டீ கிளாஸோடு நின்றார். “சத்தத்துக்குப் போகுது, அவ்வளவுதான்” என்றார். ஆனால் டீ ஆறுகிற வரைக்கும் அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

இது பல வாரம் நடந்தது. அதற்குப் பிறகு மெஷின் படுத்துவிட்டது. பிரஷ் சுற்றும் இடத்தில் பூனை முடி கயிறாகத் திரித்துக்கொண்டு மோட்டார் நின்றுபோயிருந்தது. வாரம் ஒருமுறை முடியை வெட்டி எடுக்கச் சொல்லியிருந்தாள் மின்ஹா. ஃபிர்தௌஸ்தான் அசட்டையாக இருந்துவிட்டாள். ரிபாய் அதை ஷார்ஜாவில் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஃபிர்தௌஸுக்கு மெஷின் கவலை இல்லை. மல்லி மறுபடி கட்டிலுக்கு அடியில் போய்விடுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. அன்று லுஹர் தொழுதுவிட்டு நாற்காலியிலேயே கையேந்தி துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. ஏதோ தோன்றி நிமிர்ந்தாள்.

மின்ஹாவின் அறை வாசலில் வெள்ளை முகம்.

மல்லி காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டது. அதற்கு வழிகாட்ட எந்தச் சத்தமும் இல்லை. ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா என்று யோசிப்பது போலக் காற்றிலேயே வைத்திருந்தது. பிறகு வைத்தது. சுவரோரமாக நடந்தது. நடைபாதை முடிகிற இடத்தில், மெஷின் திரும்பும் அதே இடத்தில், திரும்பியது. மேசைக் காலுக்கு முன்னாலேயே ஒதுங்கியது. இந்தத் தடவை மீசையால் தொடக்கூட இல்லை. சிவப்புக் கட்டம் போட்ட தொழுகை மூலையை, அதன் ஓரத்தில் எந்தத் தடையும் இல்லாதபோதும், ஓரத்தோடு நின்று விலகிப் போனது. கடைசியில் மத்தியான வெயில் விழும் பால்கனிக் கதவருகே போய், வெயில் எங்கே தொடங்குகிறது என்று முன்காலால் தொட்டுப் பார்த்து, அதில் சாய்ந்து படுத்தது.

ஃபிர்தௌஸின் ஏந்திய கை ஏந்தியபடியே இருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக் கையில் விழுந்தது. தெரியாத ஒரு வீட்டைப் பார்வையில்லாத ஓர் உயிர், மனசில்லாத ஒரு மெஷினிடமிருந்து கற்றுக்கொண்டிருக்கிறது. இதில் யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இறைவன் இப்படியும் செய்வான் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அதே நேரத்துக்கு ராதிகாவை வீடியோ காலில் கூப்பிட்டு, கேமராவைத் திருப்பிப் பிடித்தாள். கரூரில் ராதிகாவும் விஜயபாஸ்கரும் ஒரே திரையில் முகத்தை நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். மல்லி நடைபாதையைக் கடந்து வெயிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

“அக்கா… அவளுக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சா?”

“இல்லம்மா. வழி தெரிஞ்சிருச்சு.”

ராதிகா முகத்தைப் பொத்திக்கொண்டாள். “மல்லிக்குட்டி” என்று அவள் அழுகையோடு கூப்பிட்டபோது வெயிலில் கிடந்த பூனை காதை மட்டும் செல்போன் பக்கம் திருப்பியது. எழுந்து வரவில்லை. அந்தக் காது திரும்பியதே ராதிகாவுக்குப் போதுமாக இருந்தது.

மெஷின் சரியாகி வந்துவிட்டது. இப்போது மல்லி அதன் பின்னால் போவதில்லை. தானாகவே அடுப்பங்கரை வரை வந்து, ஃபிர்தௌஸ் மீன் ஆய்கிறபோது காலடியில் உட்கார்ந்து கத்துகிறது. லட்டுவின் வாலைப் பிடித்து ஒருநாள் கடித்தும் வைத்தது.

போன பெருநாளைக்கு ரிபாய் புது சோபா ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்தார். பழையதைவிடக் கொஞ்சம் பெரியது, ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டால் ஹால் அகலமாகத் தெரியும் என்றார்.

“பழைய அளவுலேயே, பழைய எடத்துலேயே போடுறதா இருந்தா வரட்டும்” என்றாள் ஃபிர்தௌஸ். “இல்லைன்னா திருப்பி அனுப்பிடுங்க.”

ரிபாய் மனைவியையும் வெயிலில் கிடந்த பூனையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து, பர்னிச்சர் கடைக்காரரிடம், “பாய், சைஸ் மாத்தணும்” என்று ஹிந்தியில் ஆரம்பித்தார்.