வேர்வைக்கு நிற்காத வில்லைகள்

சாயக்காரரின் கையைப் பார்த்தால் அன்றைக்குக் கடையில் எந்த அண்டா கொதித்தது என்று சொல்லிவிடலாம். மணிக்கட்டு வரை இன்றைய நிறம், நகக்கண்ணில் நேற்றைய நிறம். வெளுத்துப்போன சட்டை, படுக்கை விரிப்பு, திரைச்சீலை என்று எதைக் கொடுத்தாலும் புதுசு போல ஆக்கித் தருகிற மனிதர், தன் கையிடம் மட்டும் தோற்றுப்போனார். சோப்பு, எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்தாயிற்று. கை தேய்ந்ததே தவிர நிறம் போகவில்லை.

அதனால் யாருக்கும் அவர் முந்திக்கொண்டு கை கொடுக்க மாட்டார். நாலு பேர் கூடுகிற இடத்தில் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஓரமாக நிற்பார். மைத்துனர் வீட்டுக்குப் போனால் இன்னும் மோசம். அங்கே பால் நிறத்தில் ஒரு சோபா உண்டு. மைத்துனர் மனைவி நல்ல மாதிரி. முகம் நிறையச் சிரித்து, "வாங்கண்ணா, ஒரு நிமிஷம்" என்று சொல்லி அதன் மேல் செய்தித்தாளை விரித்த பிறகுதான் உட்காரச் சொல்வாள். கைதானே சாயம், உட்காருகிற இடம் சுத்தம்தானே என்று கேட்க அவருக்கு நாக்கு நுனி வரை வரும். கேட்டதில்லை. சரசரவென்று சத்தம் வராமல் உட்காரப் பழகிக்கொண்டார்.

ஆக, அவர் கூச்சமில்லாமல் உட்காருகிற நாற்காலி ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டுக் கூடத்தில், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் அவர் உட்கார்ந்து சீட்டைக் கலைக்கத் தொடங்கிவிட்டால் முகமே வேறாகிவிடும். ஆட்டம் போக்கர். ஆட வருகிறவர்கள் மூன்று பேர். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் மைத்துனர், அடுத்த தெரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்றும் அதட்டலை மட்டும் விடாத ஹெட்மாஸ்டர். காசு கிடையாது. தோற்றவர் எல்லோருடைய டீ டம்ளரையும் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பணயமாக வைக்க வறுத்த வேர்க்கடலை.

கழுவுவது பெரும்பாலும் சாயக்காரர்தான். மைத்துனர் கையில் ஒன்றுமே இல்லாமல் உதார் விடுவதில் மன்னர். முன்னால் இருக்கிற கடலையை அப்படியே நடுவில் தள்ளிவிட்டு, பாலிசி போடாதவனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார். சாயக்காரர் பயந்து சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிடுவார். பிறகு மைத்துனர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டிச் சிரிப்பார். உள்ளே ஒரு மண்ணும் இருக்காது.

கடலைக்கு வேறொரு சிக்கலும் இருந்தது. யோசிக்கும்போது மருந்துக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. தோற்றது பாதி, தின்றது பாதி என்று அவர் கணக்கு எப்போதும் உதைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனருக்கு அதிசயமாக நிஜமாகவே நல்ல சீட்டு விழுந்தது. எல்லோரும் அள்ளி அள்ளி வைத்தார்கள். ஜெயித்துவிட்டு மைத்துனர் கையை நீட்டினால் நடுவில் கடலைத்தோல்தான் கிடந்தது.

"ரொம்ப யோசிச்சிட்டேன் போல இருக்கு" என்று மருந்துக்கடைக்காரர் அசடு வழிந்தார்.

மைத்துனர் எழுந்துவிட்டார். "இது சரிப்படாது மாமா. அடுத்த வாரத்துலேர்ந்து நம்ம வீட்ல ஆடலாம். கடலைக்குப் பதிலா பெட்டியோட வர்ற சிப்ஸ் செட்டு, நல்லதா ஒண்ணு வாங்கிப் போடுறேன்."

"அதுவும் நல்ல யோசனைதான்" என்றார் ஹெட்மாஸ்டர்.

சாயக்காரருக்குப் பால் நிற சோபா கண்முன் வந்தது. இனி ஞாயிற்றுக்கிழமையும் செய்தித்தாள் மேல்தானா? "எதுக்கு மாப்ள உனக்குச் செலவு? நானே வாங்கிடுறேன். அடுத்த வாரம் இங்கயே, புது சிப்ஸோட ஆடுவோம்" என்றார். அவர் வாயிலிருந்து வாங்குகிறேன் என்ற வார்த்தை வந்ததைக் கேட்டு உள்ளேயிருந்து அவர் மனைவியே எட்டிப் பார்த்தாள்.

வாங்குகிறேன் என்று சொல்லிவிடலாம், வாங்க வேண்டுமே. விளையாட்டுச் சாமான் கடையில் பளபளவென்ற பெட்டியைத் திறந்து காட்டினார்கள். உள்ளே நாலைந்து நிறத்தில் கனமான வட்ட வில்லைகள், ஒன்றோடொன்று மோதினால் என்ன ஒரு சத்தம்! ஆசையாகத்தான் இருந்தது. விலையைக் கேட்டதும் பெட்டியை அவரே மெதுவாக மூடிவிட்டார். அடுத்த கடையில் இருந்தது ஊதினால் பறக்கும். மூன்றாவதாக ஒரு பொம்மைக் கடை. கடைக்காரர் பரண் மேலிருந்து தூசி படிந்த அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கினார்.

"கலர் கலரா வர வேண்டியது சார். கம்பெனில என்ன தூக்கத்துல இருந்தாங்களோ, மொத்தமும் வெள்ளையா வந்துடுச்சு. எது பத்து, எது நூறுன்னு தெரியாம யார் ஆடுவாங்க? பாதி விலைக்கு எடுத்துக்குங்க."

வெள்ளையாக ஒன்றைப் பார்த்துவிட்டால் சாயக்காரருக்குக் கை பரபரக்கும். பரபரப்பை மறைத்துக்கொண்டு, "கலரே இல்லாத பொருளுக்குப் பாதி விலையா?" என்று இழுத்தார். இழுத்து இழுத்துக் கால் விலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் பெட்டியைத் தூக்கினார்.

அண்டாக்கள் கொதித்தன. சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு. வெந்த சூட்டில் சில வில்லைகள் அப்பளம்போல லேசாக நெளிந்தன, அதை விடுங்கள். நிறம் அமர்க்களமாக ஏறியிருந்தது. தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்த்தார், இறங்கவில்லை. ஈரத்துணியால் தேய்த்தார், துணியில் ஒட்டவில்லை. சட்டையாக இருந்தால் வேர்வைக்கு நிற்குமா என்றும் ஒரு சோதனை பார்ப்பார். வில்லைக்கு ஏது அக்குள் என்று விட்டுவிட்டார்.

"சாயம் நிக்குமாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"இதைப் பார்த்துமா கேக்குற?" என்று தன் கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வில்லைகளைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஒன்றை எடுத்து வாய் வரை கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார். "பரவாயில்லையே மாமா" என்றார் மைத்துனர். அது அவர் வாயிலிருந்து லேசில் வராத வார்த்தை. கால் விலைக்குப் பிடித்த கதையைச் சொல்லிவிட்டு, சாயக்காரர் ராஜா மாதிரி உட்கார்ந்து சீட்டைப் போட்டார்.

முதல் இரண்டு ஆட்டம் வழக்கம்போலப் போயிற்று. மூன்றாவதில் மைத்துனர் சிவப்பு வில்லைகளை நடுவில் தள்ளினார். தள்ளிய அந்தக் கையைச் சாயக்காரர் பார்த்தார். விரல் நுனியெல்லாம் சிவப்பு. சாயம் இறங்குகிறது! இப்போது யாராவது கவனித்துவிட்டால் போச்சு, மானமும் போச்சு, ஆட்டமும் சோபாவுக்குப் போச்சு. அவசரமாகச் சீட்டைக் கவிழ்த்தார். மைத்துனர் திருப்பிக் காட்டினார். உதார்.

அடுத்த ஆட்டத்தில் மைத்துனருக்கு நல்ல சீட்டு. நீலத்தை அள்ளி அள்ளி வைத்தார். விரலில் நீலம் ஒரு பொட்டுக்கூட ஏறவில்லை. அதற்கடுத்த ஆட்டத்தில் பச்சை ஒட்டியது, அதுவும் உதார். நிறத்தைப் பார்த்தே பிழைக்கிறவருக்கு இதற்கு மேல் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மைத்துனர் முகத்தில் காட்டாத பயமெல்லாம் உள்ளங்கையில் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை காலம் இந்த ஆளுக்கா பயந்து டம்ளர் கழுவினோம் என்று சாயக்காரருக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

மைத்துனர் கறுப்பு வில்லைகளை மொத்தமாகத் தள்ளிவிட்டு அந்தப் பார்வையைப் பார்த்தார். விரலெல்லாம் கறுப்பு.

"நானும் மொத்தமும் வெக்கிறேன். காட்டு மாப்ள" என்றார் சாயக்காரர்.

மைத்துனர் முகத்தில் ஈயாடவில்லை. காட்டினார், ஒரு மண்ணும் இல்லை. வேர்த்த நெற்றியையும் மூக்கையும் துடைத்துக்கொண்டார், அதுவும் அதே கையால். மருந்துக்கடைக்காரர் அவரைப் பார்த்துப் புரையேறும்படி சிரித்தார். ஹெட்மாஸ்டர், "என்னய்யா கோலம் இது?" என்று அதட்டித் தன் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார். உருவிய இடத்தில் அவருடைய வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தன. கடைசி ஆட்டத்தின் படபடப்பில் எல்லோருக்கும் வேர்த்திருந்தது. நாலு பேரும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். சாயக்காரர் கையில் மட்டும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"கால் விலைச் சரக்குன்னா இப்படித்தான்!" என்று மைத்துனர் குதித்தார். "அடுத்த வாரம் எங்க வீட்ல. சொல்லிட்டேன்!" சொல்லிவிட்டுக் கறுப்பு மூக்கோடு கிளம்பிப்போனார்.

சாயக்காரர் வில்லைகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை மைத்துனர் உதாரைப் பிடித்தாயிற்று, அதற்கு விலை இதுவா என்று நொந்துகொண்டார். அப்போது போன் அடித்தது. மைத்துனர் மனைவி.

"அண்ணா, உங்க மச்சினர் அந்தக் கையோட வந்து சோபாவுல சாஞ்சிட்டாரு. இந்தச் சீட்டாட்டம் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் அங்கயே வெச்சுக்குங்க." இந்த முறை அவள் குரலில் சிரிப்பில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இங்கேதான் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து ரப்பர் கையுறை கொண்டுவந்திருந்தார். மைத்துனர் ஆவலாக ஒரு ஜோடியை எடுக்கப் போனார். ஹெட்மாஸ்டர் பிடுங்கி வைத்துவிட்டார்.

"நல்லா வேக வெச்சு சாயத்தை நிறுத்திக் கொடுத்துடுறேன் சார்" என்றார் சாயக்காரர்.

"ஒண்ணும் வேணாம். கையில ஒண்ணும் இல்லாதப்பத்தான் இவனுக்குக் கை வேர்க்குதுன்னு நானும் பார்த்துட்டேன். இவன் உதாரைக் கண்டுபிடிக்க வேற என்னய்யா வழி இருக்கு? அப்படியே இருக்கட்டும்."

உள்ளேயிருந்து மனைவி பழைய செய்தித்தாள் கட்டோடு வந்தாள். ஒவ்வொரு நாற்காலியாக விரித்தாள்.

"அக்கா, எனக்குமா?" என்றார் மைத்துனர்.

"உனக்குத்தாண்டா முதல்ல."

மூன்று நாற்காலியில் விரித்துவிட்டு, மிச்சத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று பேரும் சரசரவென்று உட்கார்ந்தார்கள். சாயக்காரர் தன் நாற்காலியையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வெறும் மரம். அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் உட்கார்ந்து சீட்டைக் கலைத்தார்.

அன்றைக்கு அவர்தான் படுதோல்வி. நல்ல சீட்டு வந்தாலும் சிரித்தார், வராவிட்டாலும் சிரித்தார், என்ன வந்தது என்றே பார்க்காமல் வில்லைகளை வாரி வாரி வைத்தார். சாயங்காலம் நிறம் நிறமாக விரல் பதிந்த டம்ளர்களை அவரே கழுவிக் கவிழ்த்தார்.