காலி வீட்டுக்குக் குடிவந்த எட்டு

என் மகளுக்குத் தினமும் தலை பின்னி விடுவது நான்தான். அவள் அம்மா ஆறரை மணிக்கே தையல் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுவாள். நான் மாட்டைக் கறந்து, சொசைட்டியில் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பிள்ளை சீப்பும் ரிப்பனுமாக வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

எனக்கு இடது கையில் கட்டைவிரலையும் சேர்த்து மூன்று விரல்கள்தான். மோதிர விரலும் சுண்டு விரலும் தட்டு வெட்டும் மெஷினில் போய்விட்டன. கல்யாணத்துக்கு முந்தி, மாட்டுக்குச் சோளத்தட்டைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது நடந்தது. வலி அப்போதே ஆறிவிட்டது. கூச்சம்தான் ஆறவில்லை. பஸ்ஸில், கடையில், கல்யாணப் பந்தியில் என்று எங்கே போனாலும் தோளில் கிடக்கும் துண்டை இழுத்து அந்தக் கையின்மேல் போட்டுக்கொள்வேன். மூன்று விரலால் பின்னல் போடுவது முதலில் சிரமமாக இருந்தது. மூன்று பிரிவாகப் பிரித்த முடியில் நடுக்கால் நழுவும். இப்போது நழுவுவதில்லை. அந்த ஒரு வேலைக்கு மட்டும் துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிடுவேன்.

பேச்சும் எனக்கு வராது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். டீக்கடையில் பேப்பர் படித்துப் படித்து எழுத்து மட்டும் என்னை விட்டுப் போகாமல் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு டீச்சருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். எதிரே பார்க்கும்போதெல்லாம் “வணக்கங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் பாப்பிரெட்டிப்பட்டி பஸ் போகும் ரோட்டின் மேலேயே இருக்கிறது. படிப்பில் அவள் மோசமில்லை. பாட்டு, கதை எல்லாம் நன்றாகச் சொல்வாள். எண் எழுதச் சொன்னால்தான் தகராறு. நூற்று இருபத்தைந்து என்று சொன்னால் 100205 என்று எழுதுவாள். முதலில் நூறு, அப்புறம் இருபது, அப்புறம் ஐந்து. காதில் விழுந்ததை ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறாளே, என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை. தப்பு என்று எனக்குத் தெரியும். ஏன் தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

நூறை லட்சம் ஆக்குகிறாள் என்பதால் பிள்ளைகள் அவளுக்கு ‘லட்சம்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். தெருவில் போனால், “டேய், லட்சம் வருதுடா, வழி விடுங்கடா!” என்று கத்துவார்கள். அவள் அழமாட்டாள். நகத்தைக் கடிப்பாள். ஒருநாள் சாயங்காலம் பையை மூலையில் எறிந்துவிட்டு, “நான் இனிமே பள்ளிக்கூடம் போமாட்டன்பா. மாடு மேய்க்கறன்” என்றாள்.

அது நான் சொன்ன வார்த்தை. ஆறாம் வகுப்புக்கு வெளியூர் போக வேண்டும். புது இடம், புது முகங்கள். அந்தப் பயத்தில், “மாடு மேய்க்கறன்” என்று நானும் இதே வயதை ஒட்டித்தான் சொன்னேன். சரி என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது அதே வார்த்தையை அவள் வாயிலிருந்து கேட்டதும் மூலையில் கிடந்த பையை எடுத்து ஆணியில் மாட்டினேன். ஒரு பிள்ளை நின்றுபோவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த வருடம்தான் தருமபுரியிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகும் ஒரு டீச்சர் புதிதாக வந்திருந்தார். எதற்கெடுத்தாலும் கலரும் பேப்பருமாக ஏதாவது செய்ய வைப்பார். ஒரு வாரத்தில் பிள்ளையின் பேச்சு மாறியது.

“டீச்சரு செவுத்துல மயில் போட்டாங்கப்பா” என்றாள், நான் பின்னிக்கொண்டிருக்கும்போது. “ஆனா அது கோழியாட்டம் இருக்குது.”

“அப்படியேவா சொன்ன?”

“நான் சொல்லல. எல்லாரும் சொன்னாங்க. டீச்சரே சிரிச்சிட்டாங்க. ‘இருங்கடா, இறகு வெச்சா மயிலாயிடும்’னாங்க.”

இறகு என்பது பிள்ளைகளின் கைகள். ஒருவர் இரண்டு கையிலும் பெயிண்ட் பூசி மயிலின் வாலில் பதித்தால் பத்து விரல். மயிலுக்குப் பக்கத்தில் டீச்சர் மூன்று வீடுகள் வரைந்திருந்தார். நூறு வீடு, பத்து வீடு, கடைசியில் ஒன்று வீடு. ஒன்று வீட்டில் ஒன்பது விரல் வரைதான் தங்கலாம். பத்து ஆகிவிட்டால் ஒரே கட்டாகச் சேர்ந்து பக்கத்துப் பத்து வீட்டுக்குப் போய்விட வேண்டும். அங்கே அந்தக் கட்டுக்கு ஒன்று என்றுதான் கணக்கு. பத்துக் கட்டு சேர்ந்தால் அதேபோல நூறு வீட்டுக்கு. இதையெல்லாம் எனக்கு அவள்தான் விளக்கினாள், தலையை ஆட்டி ஆட்டி, பின்னலைக் கலைத்துக்கொண்டே.

வகுப்பில் பதின்மூன்று பிள்ளைகள். பதின்மூன்று பேரும் கை பதித்தார்கள். நூறு வீட்டில் ஒன்று, பத்து வீட்டில் மூன்று, ஒன்று வீட்டில் யாரும் இல்லை. டீச்சர் அங்கே பூச்சியம் போட்டார். 130. என் மகள் நேரே எழுந்து போய் அந்தப் பூச்சியத்தை அழித்துவிட்டாள்.

“எதுக்குக் கண்ணு அழிச்ச?”

“அதான் ஆளே இல்லியே. ஆளில்லாத வூடு எதுக்குப்பா?”

130 பதின்மூன்று ஆகிவிட்டது. “லட்சம் இன்னைக்குப் பதிமூணாயிடுச்சு!” என்று ஒரு பையன் கத்த, வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லையாம். “நல்ல கேள்விதான் கேட்டிருக்கா. சனிக்கிழமை உங்க அப்பா அம்மாவெல்லாம் வந்து கை வைப்பாங்க. அதுவரைக்கும் யோசிப்போம்” என்றாராம்.

“நீ வரணும்பா. வருவன்னு சொல்லிட்டேன்.”

“அம்மாவை லீவு போடச் சொல்லட்டுமா?”

“அம்மாவுக்குத் தரமாட்டாங்க. நீயே வா. ரெண்டு கையும் வெக்கணும். ஒரு கை வெச்சா பாதி இறகுதான்.”

ரிப்பனை இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினேன்.

சனிக்கிழமை போனேன். போகாவிட்டால் திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் போவாளா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. வந்திருந்தவர்கள் எல்லாம் பெண்கள். ஆம்பளை என்று என்னைத் தவிர ஒரே ஒரு ஆள், அடுத்த தெருவில் இருக்கும் ஜேசிபி டிரைவர். முறையில் எனக்கு மச்சான். எங்கே போனாலும் சத்தம் அவருடையதுதான்.

“டீச்சர், எங் கைக்கு மட்டும் ஒரு லிட்டர் பெயிண்ட் ஆவுங்க!” என்று சொல்லி இரண்டு கையையும் நீட்டினார். உண்மையிலேயே அவர் கை பதிந்ததும் மற்ற இறகுகள் எல்லாம் சின்னதாகத் தெரிந்தன. பெண்கள் சேலையில் பெயிண்ட் படாமல் இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனார்கள். நான் சத்துணவுக் கூடத்துச் சுவரோரமாக நின்றேன். பத்துப் பேர் முடித்துவிட்டார்கள்.

“இன்னும் யாருங்க?” என்றார் டீச்சர்.

“அங்க பாருங்க டீச்சர், மருதாணி வெக்கற கல்யாணப் பொண்ணாட்டம் நிக்கறாரு அண்ணன்” என்று ஒரு அம்மாள் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஆனால் எல்லாக் கண்ணும் என் பக்கம் திரும்பின. போய் வலது கையை நீட்டினேன். டீச்சர் பச்சைப் பெயிண்டைப் பூசினார். சுவரில் பதித்தேன். இடது கை துண்டுக்குள் இருந்தது.

டீச்சர் அந்தக் கையைக் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெயிண்ட் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே காத்திருந்தார். என் மகள்தான் பக்கத்தில் வந்தாள். “பிரஷ்ஷ நான் புடிக்கட்டுமா டீச்சர்?” என்று கேட்டு வாங்கினாள். பிறகு, காலையில் கொடியில் போடுவது போலவே, என் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

மூன்று விரலுக்கும் பூசினாள். விரல் இல்லாத இரண்டு இடத்திலும், அந்த மொட்டைக் கணுக்களைச் சுற்றி, விட்டுப்போகாமல் பூசினாள். அவசரமே இல்லை. அவளுக்கு அது தினமும் தன் தலையில் இருக்கிற கை. வேறு மாதிரியான கை என்று அவள் நினைத்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கையைச் சுவரில் வைத்து அழுத்தினேன்.

“சரி. இப்ப மொத்தம் எத்தனை விரல்?” என்று டீச்சர் பிள்ளைகளைக் கேட்டார்.

பிள்ளைகள் ஆட்களை எண்ணினார்கள். பதின்மூன்றும் பதினொன்றும் இருபத்து நாலு. “எரநூத்தி நாப்பது!” என்று கத்தினார்கள். என் மகள் மட்டும் கத்தவில்லை.

“இல்லீங்க டீச்சர். எங்கப்பாவுது எட்டு.”

பிள்ளைகள் என் கை பதிந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மருதாணிப் பேச்சுப் பேசிய அம்மாளுக்குத்தான் மனசு கேட்கவில்லை. “அட, பாவம். அதையும் பத்துன்னே வெச்சுக்கங்க டீச்சர்” என்றார்.

“பத்துன்னு வெச்சா தப்புங்க” என்றாள் என் மகள், கோபமாக.

டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக் கேட்டார். “அப்ப அந்த எட்டை எந்த வீட்டுல வைக்கறது?”

அவள் நகத்தைக் கடித்தாள். வீடுகளைப் பார்த்தாள். என் கை பதிந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்து நூறு வீட்டில் 2 என்று எழுதினாள். பத்து வீட்டில் 3. கடைசி வீட்டில் 8.

“இவங்க பத்து வூட்டுக்குப் போவ முடியாது. ரெண்டு கொறையுது. அதனால இங்கயேதான் இருக்கணும்.”

கேலி பேசிய பையன் விடவில்லை. “அன்னைக்கு ஆளில்லன்னு அந்த வூட்டையே அழிச்சியே?”

“அன்னைக்குப் பூட்டியிருந்துச்சு. பூட்டுனா வூடே இல்லன்னு ஆயிடுமா? உங்க பக்கத்துக் கடைசி வூட்டுக்காரங்க பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டாங்க. வூடு இருக்குதில்ல? அதை இடிச்சிட்டா உங்க வூடு கடைசி வூடாயிடும். அப்படித்தான் பத்து வூடும் ஒன்னு வூடாயிடும்.”

பையன் யோசித்தான். “ஆமா” என்றான்.

டீச்சர் கை தட்டவில்லை, பாராட்டிப் பேசவும் இல்லை. சாக்பீஸ் எழுத்தின்மேல் பெயிண்டால் பெரிதாக 238 என்று எழுதச் சொல்லி அவள் கையிலேயே பிரஷ்ஷைக் கொடுத்தார். எட்டின் கீழ்வட்டம் கொஞ்சம் வழிந்துவிட்டது.

பைப்படியில் கை கழுவும்போது ஜேசிபி மச்சான் என் பக்கத்தில் வந்து நின்றார். என் இடது கையை இத்தனை நாள் அவரும் சரியாகப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். பார்த்துவிட்டு, “நாங்கல்லாம் கட்டோட கட்டாப் போயிட்டோம், மச்சான். நீ ஒருத்தன்தான் தனி வூட்டுல குடியிருக்கற” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு மகளிடம் இருந்ததால் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா வேலையிலிருந்து வந்ததும் மகள் அவளை உட்கார வைத்து, பழைய நோட்டைத் திறந்து 100205 என்று எழுதியிருந்ததைக் காட்டினாள். “மூணு வூடுதாம்மா இருக்குது. நான் பாரு, ஆறு வூடு கட்டியிருக்கறன்.” அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திங்கட்கிழமை தலை பின்னும் முன்பே பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

டீச்சருக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். அன்றைக்கு நீங்கள் இரக்கப்பட்டு என் எட்டைப் பத்தாக்கியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நானும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். என் பிள்ளைக்கு மட்டும் அந்தக் கடைசி வீடு எதற்கு என்று தெரியாமலே போயிருக்கும். எட்டை எட்டாகவே விட்டீர்கள். அதை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டீர்கள். அதற்கு நன்றி.

துண்டு இப்போதும் தோளில்தான் கிடக்கிறது. பந்தியில் சில சமயம் பழக்கதோஷத்தில் கை தானாக அதனடியில் போகும். பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் பால்கேனோடு போகும்போது மட்டும் போவதில்லை.

போன மாதம் வகுப்பில் ஒரு பிள்ளை புதிதாகச் சேர்ந்தது. சேர்ந்த அன்றே அதன் கையையும் மயிலில் பதிக்க வைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் சேதி வந்தது.

“மயிலு இப்ப எரநூத்தி நாப்பத்தி எட்டுப்பா. பத்து வூட்டுல ஒரு கட்டு கூடிடுச்சு. நூறு வூடு அப்படியே இருக்குது.”

“எட்டு?”

“அது எங்க போவும்? அங்கியேதான் இருக்குது. நீ தலையை இழுக்காத, வலிக்குது.”

பிடியைத் தளர்த்தி, நடுக்காலை மறுபடி எடுத்துப் பின்னினேன்.