பெயரை மட்டும் மறைத்தவள்

பிள்ளைப்பாக்கம் நடேசனின் மகள் சசிகலா பத்திரிகைத் துறை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது வீட்டில் ஒரே ரகளை. "இன்னாம்மா படிப்பு அது? பேப்பர் படிக்கிறதுக்குக் கூடவா காலேஜ் கட்டி வச்சிகீறாங்க?" என்றார் நடேசன். ஊரில் பெண் பிள்ளைகள் நர்சிங் படித்தார்கள், இல்லாவிட்டால் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஏதாவது கம்பெனிக்குப் போனார்கள். இவள் சோறு வேண்டாம் என்று குப்புறப் படுத்துக்கொண்டாள். அம்மா முனியம்மாள்தான் நடுவில் புகுந்து, "போவட்டும் வுடு, எதையோ ஒண்ணு படிக்கட்டும்" என்று முடித்துவைத்தாள்.

பூந்தமல்லி தாண்டி ஒரு கல்லூரி. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டாம் வருஷத்தில் பாடமே வேறு மாதிரி ஆகிவிட்டது. வகுப்பை ஐந்தைந்து பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வலைப்பூ நடத்தச் சொன்னார்கள். ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் வெட்டித் திருத்த வேண்டும், ஒருவர் தகவலைச் சரிபார்க்க வேண்டும். ஐந்து பேரும் வாட்ஸ்அப்பில் 'ஓகே' போடாமல் எதுவும் வெளியே போகக் கூடாது. சசிகலாவின் குழுவில் எல்லோரும் பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதால் வலைப்பூவுக்கு 'ஜன்னல் சீட்டு' என்று பெயர் வைத்தார்கள்.

முதல் கட்டுரையை அவள் பிள்ளைப்பாக்கம் ஏரியைப் பற்றி எழுதினாள். பச்சைப் பசேல், எழில் கொஞ்சும், மனதை மயக்கும் என்று வார்த்தைகளை அள்ளிக் கொட்டியிருந்தாள். பூந்தமல்லிக்காரன் பிரவீன் அதை வெட்டி அனுப்பியபோது பாதிகூட மிஞ்சவில்லை. "இன்னா சசி, ஊர் ஃபுல்லா மரம்தானா? ஒரு ஆளைக்கூட காணோமே?" என்று கேட்டுவைத்தான். பஸ்ஸில் முகத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு அழுதாள். ஆனால் அழுதுவிட்டுச் சும்மா இருக்கிற ஜாதி இல்லை அவள். அன்றிலிருந்து மரத்தை விட்டுவிட்டு ஆளைத் தேட ஆரம்பித்தாள்.

ஆள் எங்கேயோ இல்லை, வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தாள்.

நடேசன் நிலத்தில் ஒரு பகுதியை விற்று, மிச்சத்தில் வரிசையாக வாடகை அறைகள் கட்டியிருந்தார். கடைசி அறையில் கம்பெனிக்குப் போகும் தெற்கத்திப் பெண்கள் நாலைந்து பேர். அதில் ஒருத்தி சந்தனமாரி. சங்கரன்கோவில் பக்கம். சசிகலா வயசுதான், ஆனால் ஊருக்குப் பெரிய மனுஷி மாதிரிப் பேசுவாள். லீவு நாளில் முனியம்மாளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்து, அங்கேயே சாப்பிட்டு, சசிகலாவோடு மொட்டை மாடியில் உட்கார்ந்துகொள்வாள். ஊரில் நடந்தது, கம்பெனி லைனில் நடந்தது, ரூமில் நடந்த சண்டை, எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாது அவளுக்கு.

"எங்கம்மா எங்க மாமன் மவன் மாசானத்துக்கு என்னக் குடுக்கணும்னு நிக்கா. அவன் குடிச்சிட்டு ரோட்டுல கெடப்பான்ட்டி. நா ஒரே பிடியா நின்னுட்டேன். இந்த டிரெய்னிங் முடிஞ்சு வேல பெர்மனென்ட் ஆயிட்டுன்னா கலியாணப் பேச்சே எடுக்க மாட்டோம்னு எங்கய்யா சத்தியம் பண்ணிருக்காவ. ஆவாட்டி, தாலிதான்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சசிகலாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் சந்தனமாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். சசிகலாதான் ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். நீர்க்கடுப்பு முற்றிப் போயிருந்தது. தண்ணீரே குடிப்பதில்லையா என்று டாக்டர் சத்தம் போட்டார். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சந்தனமாரி மெதுவாகச் சொன்னாள்: "லைன்ல நின்னுட்டா ரிலீவர் வந்து நம்ம எடத்துல நின்னாத்தான் பாத்ரூம் போவ முடியும். அத்தன பொம்பளைக்கும் ஒரே ரிலீவரு. கேட்டா சூப்பர்வைசர் எல்லாரு முன்னாலயும், இப்பத்தான போனன்னு கத்துவான். அதான் நாங்க யாரும் தண்ணியே குடிக்கதில்ல."

சசிகலாவுக்கு நெஞ்சு பதறியது. கூடவே இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்: இது கட்டுரை என்று அவளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

"மாரி, இத நான் எழுதட்டா?"

சந்தனமாரி மருந்துக் கவரை மடியில் வைத்துக்கொண்டாள். "எழுதேன். எங்களுக்காவ எவன் எழுதுதான்? எம்பேரு மட்டும் போட்டுராத."

எழுதினாள். பெயரைப் போடவில்லை. ஊரைப் போடவில்லை. கம்பெனி எது, அங்கே என்ன தயாரிக்கிறார்கள், எதையும் போடவில்லை. குழுவில் ஐந்து பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகத் தேடி, ஆளைக் காட்டிக்கொடுக்கும் வார்த்தைகளை எல்லாம் பொறுக்கி எடுத்தார்கள். கடைசியில் பிரவீன், "மேட்டர் சூப்பர் சசி. ஆனா ஓப்பனிங் டல்லடிக்குது. கண்ணு முன்னால ஒரு படம் மாதிரி வேணும்" என்றான்.

படத்துக்கா பஞ்சம்? முனியம்மாளின் போர்வெல் ஓரத்துக் கனகாம்பரத்தை வெள்ளிக்கிழமை தவறாமல் பறித்துக் கட்டி, கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது டிரைவர் கையில் கொடுப்பாள் சந்தனமாரி. அவர் அதைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிள்ளையாருக்கு வைத்துவிட்டுத்தான் கியரைப் போடுவார். சசிகலா வாசலில் பல் விளக்கிக்கொண்டே எத்தனையோ முறை பார்த்த காட்சி. அதையே முதல் பத்தியாக்கினாள். சாமிக்குப் பூ கொடுத்துவிட்டு ஏறுகிற பெண், அன்றைக்கு முழுவதும் ஒரு வாய் தண்ணீர் குடிக்கப் போவதில்லை என்று முடித்தாள். படித்தபோது அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. ஐந்து 'ஓகே' வரிசையாக விழுந்தன.

கட்டுரை தீப்பிடித்த மாதிரி பரவியது. ஒரகடம், சுங்குவார்சத்திரம் என்று தொழிலாளர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் சுற்றியது. 'எங்க கம்பெனியிலும் இதே கதிதான்' என்று முகம் தெரியாத பெண்கள் கீழே எழுதினார்கள். கல்லூரியில் அவளை வகுப்பு முன்னால் நிறுத்தி உரக்கப் படித்தார்கள். சசிகலாவுக்கு வாயெல்லாம் பல். பெற்றவர்களை எதிர்த்துப் படித்தது வீண்போகவில்லை என்று முதல் முறையாக நினைத்தாள். பாவம், அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

ஒரு நாள் மதியம், ஷிப்ட் முடியுமுன்பே சந்தனமாரி நடந்து வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை இல்லை. அறைக்குள் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னா மாரி? இன்னா ஆச்சு?"

"நாளையிலருந்து வர வேண்டாம்னுட்டாவ. டிரெய்னிங்கு திருப்தி இல்லையாம்." நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். "நீ எழுதுனத பிரின்டு எடுத்து மேசைல வச்சிருந்தாவ சசி. மொத பத்தில கோடு போட்டிருந்துச்சு. வெள்ளிக்கிழம பூ குடுக்கது நீதானன்னு கேட்டாவ."

"உன் பேரப் போடலியே மாரி. ஒரு எடத்துலகூட போடலியே."

"பேரா?" சந்தனமாரி இப்போது நிமிர்ந்தாள். "அந்த பஸ்ல எம்பேரு எவனுக்குட்டி தெரியும்? பூக்காரப் புள்ளன்னாத்தான் டிரைவர்லேருந்து கடைசி சீட்டு வரைக்கும் தெரியும். பேரப் போட்டிருந்தாக்கூட எந்தச் சந்தனமாரின்னு தேடிருப்பானுவ. எங்க ஊருக்காரிங்க நெறய பேருக்கு அந்தப் பேருதான்."

"நீ இல்லன்னு சொல்லிருக்கலாமே..."

"சாமிக்குப் பூ குடுக்கலன்னு எப்படிட்டி பொய் சொல்ல?"

சசிகலா அப்பாவிடம் ஓடினாள். கம்பெனியில் தெரிந்த காண்டிராக்டர் யாரிடமாவது பேசு என்று கெஞ்சினாள். "இன்னாத்தம்மா போய்ப் பேசுறது? என்னிய கேட்டுக்குள்ளயே வுட மாட்டான்" என்றார் நடேசன். முனியம்மாள் திட்டக்கூட இல்லை. "நம்ம வூட்ல கை நனைச்ச பொண்ணுடி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

குழுவில் ஒரே அமளி. கட்டுரையை எடுத்துவிடலாம் என்றாள் ஒருத்தி. எடுத்து என்ன செய்ய, அதுதான் ஊர் முழுக்கச் சுற்றுகிறதே. "தப்பு எம்மேலயும்தான் சசி. படம் வேணும்னு கேட்டது நான்" என்று பிரவீன் குரல் செய்தி அனுப்பினான்.

"நீ பூந்தமல்லில கீற. உனக்கு இன்னா தெரியும்? இது எங்க ஊரு. நான்தான் தெனமும் பாக்கறேன். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்று பதில் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சந்தனமாரியின் அண்ணன் வந்து அவளைக் கூட்டிப் போனான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் சசிகலா போனாள். "விடுட்டி, நீ வேணும்னா செஞ்ச?" என்று சந்தனமாரிதான் ஆறுதல் சொன்னாள். அதைவிடக் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அவள் போன கொஞ்ச நாளில் லைனுக்குக் கூடுதலாக இரண்டு ரிலீவர்களைப் போட்டார்கள். தண்ணீர் கேனும் வந்தது. அறையில் மீதி இருந்த பெண்கள் கேசரி கிண்டிக்கொண்டு வந்து, "எல்லாம் ஒன்னாலதான்க்கா" என்று சசிகலாவிடம் நீட்டினார்கள். வாங்கினாள், வாயில் வைக்க முடியவில்லை. கல்லூரியில் அந்தக் கட்டுரைக்குத்தான் முதல் மதிப்பெண் கொடுத்தார்கள். தொழில் என்று பார்த்தால் அது நல்ல கட்டுரைதான், யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. ஒருத்தியின் வாழ்க்கையைத் தின்றுவிட்டு நின்ற நல்ல கட்டுரை.

தை மாதம் மாசானத்துக்கும் சந்தனமாரிக்கும் கல்யாணம் நடந்தது. பத்திரிகை வரவில்லை. செய்தியை அறைப் பெண்கள்தான் சொன்னார்கள்.

சசிகலா அடிக்கடி போன் செய்தாள். முன்பெல்லாம் ஆரம்பித்தால் நிறுத்தாமல் பேசுகிறவள் இப்போது, "நல்லா இருக்கேன்", "சாப்பிட்டாச்சு", "மழையில்ல" என்று ஒவ்வொரு சொல்லாகக் கொடுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் ஒரு ஆண் கத்துகிற சத்தம் கேட்டது. ஏதோ பாத்திரம் சுவரில் மோதி விழுந்தது.

"யாரு மாரி கத்துறது?"

"டிவிட்டி."

"அது டிவி இல்ல. அடிக்கிறானா அவன்? எங்கிட்ட சொல்லு மாரி."

விழுந்த பாத்திரத்தைப் பொறுக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"நான் எழுதறதுக்குக் கேக்கல மாரி. எங்கம்மா மேல சத்தியமா எழுத மாட்டேன்."

"தெரியும் சசி. நீ எழுத மாட்டேன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள் சந்தனமாரி. அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. "ஆனாலும் ஒங்கிட்ட சொல்ல வாய் வரமாட்டேங்கு."

பிறகு அடுப்பில் உலை கொதிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.