கட்டைவிரலுக்குக் கீழே கடல்

எங்கள் பள்ளிக்குப் புவியியல் எடுக்க வந்த அந்த இளம் ஆசிரியையை முதலில் எனக்குப் பிடிக்கவே இல்லை. திருவொற்றியூரில் கணக்கு டீச்சராகக் குப்பை கொட்டிய இத்தனை வருடங்களில், பிள்ளைகளிடமிருந்து போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டியே பழக்கப்பட்டவள் நான். இவரோ பாடத்தையே போனுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஒன்பதாம் வகுப்புக்கென்று சோஷியல் மீடியாவில் ஒரு பக்கம் திறந்தார். வெளியாள் யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டு, பிள்ளைகளின் வீட்டுப் போன்களை மட்டும் சேர்த்துக்கொண்டார். ஒவ்வொரு பாடத்துக்கும் வீட்டிலிருந்து ஒரு குட்டி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும், அதுதான் வீட்டுப்பாடம்.

"ரீல்ஸ் போட்டா ரேகை புரிஞ்சிடுமா?" என்று ஸ்டாஃப் ரூமில் நக்கலடித்தேன்.

"புரியலன்னா வகுப்புக்கே வந்து என்னைத் திட்டுங்க மேடம்," என்றார் சிரித்துக்கொண்டே. சிரிக்கிறவர்களிடம் எனக்குச் சண்டை போட வராது, அதுவே ஓர் எரிச்சல்.

அட்ச ரேகை, தீர்க்க ரேகைப் பாடம் வந்தது. உங்கள் வீட்டில் யார் இந்த எண்களை வைத்துப் பிழைக்கிறார்கள் என்று தேடிப்பிடித்துக் காட்டச் சொன்னார். கன்டெய்னர் லாரி ஓட்டுபவரின் மகன் லாரிக்குள் இருக்கும் கருவியைப் படம் பிடித்தான். மளிகை மொத்த வியாபாரியின் மகள் கடைக்கு வழி காட்டும் வரைபடத்தைக் காட்டினாள். மீனவக் குப்பத்துப் பெண் ஒருத்தி கரையில் ஏற்றி வைத்திருந்த அப்பாவின் பைபர் போட்டில் ஏறி, ஜி.பி.எஸ். கருவியைத் தட்டி, திரையில் வந்த எண்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். "இது வடக்கு, இது கிழக்கு. எங்கப்பா இந்த நம்பர வெச்சிதான் இருட்டுல கூட போயினு வருவாரு" என்றது அவள் குரல். குரலில் அவ்வளவு பெருமை.

மறுநாள் அதே பிள்ளைகளுக்கு என் கணக்கு வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தசமப் புள்ளி என்றாலே கொட்டாவி விடும் கூட்டம் அது. அன்று ஒருத்தி எழுந்து, "மிஸ், அந்தத் திரையில நிமிஷத்துல புள்ளிக்கு அப்பால மூணு நம்பர் கீதே, அத வுட்டுட்டா போட் எவ்ளோ தூரம் தப்பா போவும்?" என்று கேட்டாள். போர்டில் போட்டுக் காட்டினேன். ஒரு கடல் மைல், அதாவது கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் வரை தப்பிப் போகலாம் என்று விடை வந்ததும், வகுப்பே வாய் பிளந்தது. தசமத்துக்கு இப்படி ஒரு மரியாதை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் புவியியல் டீச்சர் மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. கரையில் போட் நிற்கும் இடத்தின் எண் என்று நினைத்துத்தான் அந்த மீனவப் பெண் வாசித்தாள். திரையில் இருந்ததோ அவள் அப்பா கடைசியாகக் குறித்து வைத்த பார். கடலுக்கடியில் மீன் அண்டும் பாறைத் திட்டுக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் பெயர். அதைக் கண்டுபிடித்தவன் கூடப் பிறந்தவனுக்கும் சொல்லமாட்டான். பூட்டிய பக்கம் ஊர் உலகத்தை எல்லாம் வெளியே நிறுத்திவிட்டு, பார்க்கக் கூடாதவர்களை மட்டும் சரியாக உள்ளே விட்டிருந்தது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். எண்ணைப் பார்த்ததுமே அது கரையின் எண் இல்லை என்று வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த முறை அவள் அப்பா போனபோது, அவருடைய பாரில் வேறு இரண்டு போட்டுகள் வலை விரித்துக்கொண்டிருந்தன.

மனிதர் நேராகப் பள்ளிக்கு வந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. "எம் பொண்ணு இனிமே வராது டீச்சர். ஒம்போதாவது வரிக்கும் படிச்சது போதும். எந்தம்பிக்கே காட்டாதத ஊருக்கே படம் போட்டு காட்டிகீது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போனார்.

தலைமையாசிரியை பக்கத்தை உடனே மூடச் சொன்னார். கொஞ்ச நாள் பொறுங்கள் என்று வாதாடியது யாரென்று நினைக்கிறீர்கள்? நானேதான். மூடினால் பிள்ளைதான் குற்றவாளி என்று முடிவாகிவிடும் என்று எனக்குப் பட்டது.

புவியியல் டீச்சர் அந்த வீடியோவை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தன் முகத்தைக் காட்டி ஒரு வீடியோ போட்டார். மேக்கப்பும் இல்லை, பின்னால் பாட்டும் இல்லை. "தேடிக் காட்டச் சொன்னது நான். போடுறதுக்கு முன்னாடி சரிபார்க்காததும் நான். அந்தப் பொண்ணு பாடம் படிச்சா, அவ்வளவுதான். அவ படிப்பு நிக்கப்போகுது. பாடத்துக்காகக் காட்டினத தொழிலுக்கு எடுத்துட்டுப் போனவங்க அத யோசிச்சுப் பாருங்க," என்றார். யார் பெயரையும் சொல்லவில்லை. நான் என்றால் பெயர் சொல்லி நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அடுத்து நடந்தது யாரும் சொல்லிக்கொடுத்து நடக்கவில்லை. அன்று மாலை பக்கத்தில் ஒரு படம் வந்தது. எவர்சில்வர் தட்டில் வெறும் ரசம் சோறு. கீழே, "எங்க வூட்டு மீனு எனக்கு வேணாம்" என்று ஒரு வரி. அந்த இரண்டு போட்டுகளில் ஒன்றின் சொந்தக்காரர் மகள் போட்டது. சற்று நேரத்தில் இன்னொரு போட்டுக்காரர் வீட்டு ரசம் சோறு. அப்புறம் இதில் சம்பந்தமே இல்லாத வீடுகளிலிருந்தும் ரசம் சோறு வந்து குவிந்தது. மளிகைக்கடைக்காரர் மகள் சுத்த சைவம், அவளும் போட்டாள். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதும்விட்டேன்.

மீன் பிடிக்கிறவன் வீட்டில் பிள்ளை மீனைத் தொடமாட்டேன் என்றால் அதைவிட அவமானம் இல்லை. கொஞ்ச நாளில் அந்த இரண்டு போட்டுக்காரர்களும் தங்கள் ஜி.பி.எஸ். கருவிகளைக் கையில் தூக்கிக்கொண்டு, படிப்பு நின்ற பெண்ணின் வீட்டுக்குப் போனார்களாம். அவள் அப்பாவின் கண் முன்னாலேயே அந்தக் குறியை அழித்தார்களாம். "உன் பாருக்கு நாங்க வந்தா காறித் துப்பு" என்றார்களாம். இதெல்லாம் பிள்ளைகள் வந்து சொன்னது. அவள் மட்டும் வரவில்லை. அவள் இடம் காலியாகவே இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போதெல்லாம் அவள் பெயரையும் விடாமல் கூப்பிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை பிரேயர் முடிந்து பார்த்தால், அவள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பக்கத்தில் அப்பா.

"வீடியோ ஒண்ணு புச்சா எடுத்துகினு வந்துகீது டீச்சர். மொதல்ல நீங்க பாத்துட்டு போடுங்க," என்றார் அவர்.

புவியியல் டீச்சர் அதை இரண்டு முறை பார்த்துச் சரிபார்த்தார். பிறகு வகுப்பில் பெரிய திரையில் போட்டார். நானும் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அதே போட், அதே கருவி. இந்த முறை கருவியைப் பிடித்திருப்பது அப்பாவின் கை. பாகை தெரிகிறது, நிமிடம் தெரிகிறது. புள்ளிக்கு அப்புறம் உள்ள எண்களின் மேல் அவருடைய தடித்த கட்டைவிரல் அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. அந்த விரலுக்குக் கீழே எவ்வளவு கடல் இருக்கிறது என்று வகுப்புக்கே கணக்குத் தெரியும். கொல்லென்று சிரித்தார்கள்.

திரையில் அவள் குரல் கெஞ்சியது. "ப்பா, வெரல கொஞ்சம் எடேன்."

"நீ காலேஜுல சேந்துட்டு வா," என்றது அவர் குரல். "அன்னிக்கு எடுக்கறேன்."