பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்

எங்கள் லாரிக்கு ஒரு பழைய கதவு தேடி சங்ககிரியில் வண்டி உடைக்கும் கடைக்கு என் வீட்டுக்காரர் போனார். காரில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் நானும் இறங்கினேன். டயர்க் குவியலுக்குப் பின்னால், கிழிந்த தார்ப்பாயின் மேல், நான் இருபது வயதில் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கிடந்தது.

அதே மாதிரி இன்னொன்று இல்லை, அதேதான். பிரிண்ட் எடுக்கும் பட்டனில் நான் வைத்த சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு பாதி தேய்ந்து இருந்தது. திரைக்கு மேலே, வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி வைத்த சந்தனத்தின் கறையும் போகவில்லை. அவர் காலமான பிறகு மகன்கள் கட்டடத்தை இடித்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். சாமான்கள் இப்படிக் கைமாறி வந்திருக்க வேண்டும்.

திருச்செங்கோட்டில், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் இருந்தது அந்தக் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை. ஏசி போட்ட அறை. "ஏசி மிஷினுக்கு, உனக்கில்ல" என்பார் முதலாளி. ஆனால் குளிர் என்னவோ எனக்கும் சேர்த்துத்தான் அடித்தது. பெண்ணைப் பெற்றவர்கள் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு வருவார்கள். சிலர் திரையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். "நல்ல எடம், கொஞ்சம் பாத்துப் போடு சாமி" என்று, ஏதோ என் கையில்தான் எல்லாம் இருப்பதுபோல, என்னிடம் கெஞ்சுவார்கள். பிறந்த தேதி, நேரம், ஊர். அவ்வளவுதான் நான் தட்டுவது. பிரிண்டர் கரகரவென்று பத்துப் பொருத்தத்தையும் துப்பிவிடும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். எங்கள் கடையில் அதற்கு வழியில்லை, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று ஊரே நம்பியது. நானும் நம்பினேன். அதைவிட, அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

எனக்கு வரன் வந்தபோது அப்பா எங்கள் கடைக்கே ஜாதகங்களை எடுத்து வந்தார். எனக்கு ஒரே பெருமை. இரண்டு பேருடைய விவரத்தையும் நானே தட்டினேன். பத்துக்கு எட்டு. முதலாளி காசு வாங்கவில்லை, லட்டு வாங்கிக் கொடுத்தார். நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்கூட்டுப் புள்ள எதுக்குங்க வேலைக்குப் போகோணும்? நமக்கு என்ன கொறைங்க?" அப்பா பெருமையாகத் தலையாட்டினார். கல்யாணத்துக்கு முன்பே என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு குறையும் வரவில்லை, உண்மைதான். வீடு, தோட்டம், லாரிகள், இரண்டு பிள்ளைகள். நகைக்கு ஏங்கினேன் என்று சொன்னால் ஊருக்குப் புரியும். ஒரு தகரப் பெட்டிக்கு ஏங்கினேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? பேங்கில், ஆஸ்பத்திரியில், எங்கே பெண்கள் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டாலும் வந்த வேலையை மறந்து நின்றுவிடுவேன். பொறாமைதான், வேறென்ன.

"ஏனுங்கக்கா, அத எடுத்து என்ன பண்றீங்க? எடைக்குத்தானுங்க போடோணும்" என்றார் வண்டி உடைக்கும் கடைக்காரர், நான் அதை விலைக்குக் கேட்டதும்.

கதவைப் பேசி முடித்துவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வாங்கிட்டுப் போயி ஓடுமான்னு பாக்கலாம் அம்மிணி" என்று சொல்லி, அவரே அதைத் தூக்கிக் காரின் பின் சீட்டில் வைத்தார். மனுஷர் அப்படித்தான். கேட்டால் எதையும் மறுக்க மாட்டார். நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே எலி குடித்தனம் நடத்தியிருந்தது. பேட்டரி கசிந்து போர்டை ஒரு ஓரமாக அரித்திருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, வேறொரு பவர் சப்ளையை மாட்டினார். "இப்ப ஒரு தடவை ஓட்டிக் காட்டறேங்க. நிலையா ஓடணும்னா சாமான் வெளியூர்ல இருந்து வரணும். செலவும் ஆகும், நாளும் ஆகும். பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்க."

சுவிட்சைப் போட்டார். நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ உறுமியது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஒவ்வொரு வரியாக ஏறி, கடைசியில் எங்கள் கடையின் ஜாதகப் பொருத்தப் பக்கம் நடுங்கிக்கொண்டே வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரிப்பேர்க்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். இடது பக்கம் பெண். என் தேதி, நேரம், ஊர். விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது, நான் கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றே வரி. இவ்வளவு வருஷம் ஏங்கியது இதற்குத்தான், இது போதும் என்று அந்த நேரத்தில் நிஜமாகவே நினைத்தேன்.

மூன்று வரி முடிந்ததும் மினுக்கும் கர்சர் வலது பக்கம் தாவி நின்றது. ஆண்.

எண்டரைத் தட்டினேன். டிங் என்றது, நகரவில்லை. மறுபடி தட்டினேன். மறுபடியும் டிங். அந்தப் பக்கம் நிரம்பாமல் அது மேலே போகாது. எனக்குத் தெரியாததா? நாள் முழுக்க அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னுதப் போடு அம்மிணி" என்று பின்னாலிருந்து குனிந்தார் என் வீட்டுக்காரர். உற்சாகமாக இருந்தார். "நேரம் ஞாபகம் இருக்குதல்ல?"

நிமிஷம் வரைக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் விரல் எழவில்லை. அவர் மேல் கோபமில்லை. எட்டு என்று சொன்னது, எட்டும் பொருந்தித்தான் வாழ்ந்திருக்கிறோம். கோபமெல்லாம் எதிரில் இருந்த பெட்டியின் மேல். மாமியாரைத் திட்டியிருக்கிறேன், அப்பாவைத் திட்டியிருக்கிறேன், இதை மட்டும் இத்தனை வருஷமும் என் கட்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவும் என்னிடம் கேட்டது இரண்டே கேள்விதான். எப்போது பிறந்தாய்? யாருக்கு வாழ்க்கைப்படுகிறாய்? என்னென்ன ஆசை வைத்திருக்கிறாய் என்று இதுவும் ஒரு வரி கேட்கவில்லை. என் கையால் தட்டிவிட்ட எத்தனையோ பெண்களிடமும் கேட்கவில்லை.

"சாமானுக்குச் சொல்லிரலாமுங்களா?" என்றார் ரிப்பேர்க்காரர்.

"வேண்டாங்க."

"காசப் பாக்காத அம்மிணி" என்றார் என் வீட்டுக்காரர். "ஆசப்பட்டுட்ட. சரி பண்ணிக்கலாம்."

"இது வேண்டாங்க. எனக்கு வேலைக்குப் போகோணும்."

அவர் என்னையே பார்த்தார். கேலி செய்திருந்தால் நானும் சிரித்து மழுப்பியிருப்பேன். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"இந்த வயசுலயா?"

"அந்த வயசுல என்னைய யாருங்க கேட்டாங்க?" என்றேன்.